கேள்வி-பதில்: இந்த முறை பழைய டீசல் கார்கள்

2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், சிங்கிள் ஓனர், மீட்டரில் 68,000. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, நான்கு டயரும் புதுசு. ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இழுக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்? — சூலூர்

பெயின்டையும் டயரையும் பார்த்துவிட்டீர்கள். இனி வண்டியைப் பாருங்கள்.

நீங்கள் போனபோது என்ஜின் ஆறியிருந்ததா, சூடாக இருந்ததா? அதை எழுதவே இல்லை. யாருமே எழுதுவதில்லை, எனக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கிற சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் (அந்த அழுத்தம்) இறங்கிய என்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் அடம்பிடிக்கும். ஒருமுறை சூடேறிவிட்டால் சமர்த்துப் பிள்ளையாகிவிடும். விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும்.

2009இல் நான் ஒரு டீசல் செடான் வாங்கினேன். மதியம் 2 மணிக்குப் போனபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. “ஏசி போட்டு வெச்சிருக்கேன் சார், ஏறுங்க” என்றார். என்ன உபசாரம் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால், நாலாவது முறைதான் உயிர் வந்தது. கிளம்பிய வெள்ளைப் புகையைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். என்ஜினை இறக்கி வேலை பார்த்ததில் 48,000 ரூபாய் போயிற்று.

ஆகவே, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகக் காலையிலேயே போய் நில்லுங்கள். பானட்டைத் திறந்து என்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் “நாளைக்கு வர்றேன்” என்று திரும்பிவிடுங்கள். ஆறியிருந்தால் முதலில் கூலன்ட் டப்பா. உள்ளே ஆயில் மிதந்தால் என்ஜின் தலைப்பகுதியான ஹெட்டில் வேலை காத்திருக்கிறது. பிறகு சாவியைப் போட்டு, டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் பின்னால் நின்று சைலன்சரைப் பாருங்கள். கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங்காகவும் இருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கரும்புகை கக்கினால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதே இடத்தில் சும்மா வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. மூடி துள்ளி விழுந்து புகை குப்குப்பென்று வந்தால் மெக்கானிக்குகள் சொல்லும் ‘பேக் கம்ப்ரஷன்’ அதுதான்; தேய்ந்த ரிங் வழியாக அழுத்தம் கீழே கசிகிறது. விலை பேசாமல் கிளம்புங்கள்.

இந்த மாடலில் ஆறுதல் ஒன்று உண்டு. அதில் இருப்பது ஃபியட்டின் 1,248 சிசி என்ஜின். டாடாவும் அதே என்ஜினைப் போட்டிருக்கிறது. கை வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

அப்புறம் அந்த 68,000. இத்தனை வருடத்தில் இவ்வளவுதான் ஓட்டினார் என்றால், கூடுதல் விலை கொடுத்து டீசல் வண்டியை எதற்கு வாங்கினாராம்? கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்குள் கிளட்ச் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிடலாம்.

வீட்டிலிருந்து ஆபீஸ் 3 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயில். பிஎஸ் 6 டீசல் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. — தஞ்சாவூர்

வேண்டாம். அதன் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். கோயிலுக்குப் போய்வரும் சூடு போதாது.

டெல்லி நம்பர் இன்னோவா, 2014 மாடல். இங்கே விற்கிற விலையில் பாதிக்குப் புரோக்கர் தருகிறார். வாங்கலாமா? — திருநெல்வேலி

பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. அங்கே பழைய டீசல் வண்டிகள் மலிவானது அப்படித்தான். தமிழ்நாட்டில் அந்த வயதுத் தடை கிடையாது. ஆனால் டெல்லி ஆர்டிஓ கொடுக்கும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே புதிதாகப் பதிய வேண்டும், ஆயுள் வரியும் கட்ட வேண்டும். வரி எவ்வளவு என்று உங்கள் ஆர்டிஓ ஆபீசில் கேட்டு, அதையும் கூட்டிய பிறகு அது பாதி விலைதானா என்று பாருங்கள். “என்.ஓ.சி. வந்துகிட்டே இருக்கு” என்று புரோக்கர் சொன்னால், பணமும் வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லுங்கள்.

வேளச்சேரி வண்டி, 2014 மாடல். 2016 பிப்ரவரியில் முதல் ஓனர் விற்றிருக்கிறார். பயப்பட வேண்டுமா? — திருவள்ளூர்

தேதியைக் கவனித்தீர்களே, சபாஷ். 2015 டிசம்பர் வெள்ளம் முடிந்து இரண்டே மாதம். சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுங்கள். சீட்டை ஷாம்பு போட்டுக் கழுவுகிறவர்கள் சுருளுக்குள் இருக்கும் அந்த முழத்தை மறந்துவிடுவார்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் பெல்ட் பாதி வரை கறுப்பு. அதற்குக் கீழே காய்ந்த சேற்று நிறத்தில், அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு. கார்ப்பெட்டைத் தூக்கி சீட் போல்ட்டுகளையும், ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். உப்பிய துரு இருந்தால் விட்டுவிடுங்கள்.

ராணுவ அதிகாரி, டிரான்ஸ்ஃபர், அவசர விற்பனை என்று விளம்பரம். ஐடி கார்டெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அட்வான்ஸ் 25,000 ஜிபே செய்துவிட்டேன். வண்டி எத்தனை நாளில் வரும்? — ஓசூர்

வராது. அப்படி ஒரு வண்டியே கிடையாது. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். ஐந்நூறு ரூபாய் பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட உட்கார்ந்து பார்த்துத்தானே வாங்குவீர்கள்?

பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் 4.2 லட்சத்துக்கு வாங்கினேன். 78,000 கிலோமீட்டர் என்றார்கள். கம்பெனி சர்வீஸில், மூன்று வருடம் முன்பே 1,96,000 ஓடியதாகப் பதிவு இருக்கிறது. டி போர்டில், அதாவது டாக்ஸியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியாம். நான்தான் ஏமாளி என்று வீட்டுக்காரர் தினமும் சொல்கிறார். — கரூர்

மீட்டரைத் திருப்பியவனை விட்டுவிட்டு உங்களைத் திட்டுகிறாரா? இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள், அம்மா. நல்ல மெக்கானிக்கே மீட்டர் விஷயத்தில் ஏமாறுவது உண்டு.

சர்வீஸ் விவரத்தைச் சேஸிஸ் நம்பரோடு அச்செடுத்து வாங்குங்கள். 78,000 என்று அவர்கள் போட்ட விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, பணம் கொடுத்த ரசீது எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். எழுதத் தெரியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கேளுங்கள். ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது’ என்று ரசீதில் அச்சடித்திருப்பார்கள். அதைக் காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள். 1,96,000 ஓடிய வண்டியை 78,000 என்பதா உள்ளது உள்ளபடி?

கன்சல்டிங் என்பதால் உங்களுக்கு இந்த வழி இருக்கிறது. தன் சொந்த வண்டியை விற்கும் தனி ஆள் வியாபாரி ஆகமாட்டார், அவர்மேல் நுகர்வோர் வழக்கு நிற்காது. ஓனரிடமே நேரடியாக வாங்கும் “பார்ட்டி வண்டி” என்று தேடி அலைகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டி பார்க்க மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் எவ்வளவு கொடுப்பது? — பொள்ளாச்சி

ஒரு நாள் கூலி. வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அதே கூலிதான் என்பதைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். விற்கிறவரே “நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்” என்று அனுப்பும் மெக்கானிக்குக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுங்கள்.