ஹேண்ட்புக்கில் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாதா?

கேள்வி: மேடம், டெக்சாஸில் ஒரு கிடங்கில் மணிக்கூலிக்கு ஸ்டாக் கணக்கு பார்த்துவந்தேன். ஓவர்டைம் பாக்கியைக் கேட்டதும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கேஸ் போடுவேன் என்றால், "ஹேண்ட்புக்கில் (கம்பெனி விதிக் கையேட்டில்) ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கிறது, தகராறு வந்தால் தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும், கோர்ட்டுக்குப் போக முடியாது" என்கிறார் ஹெச்.ஆர். சேர்ந்த அன்று, ஹேண்ட்புக் கிடைத்தது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது என்னைக் கட்டுப்படுத்துமா?
– வாசகர், பிளானோ

பதில்: ஹெச்.ஆர். சொல்வதை வைத்துப் பின்வாங்காதீர்கள். இதே வார்த்தையைச் சொல்லி எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள், கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கையெழுத்துப் போட்ட தாளையும் ஹேண்ட்புக்கையும் எடுத்து, "எந்த விதியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கையெழுத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். இருந்தால், அது உங்களுக்குச் சாதகம். தகராறு வந்த பிறகும் ஷரத்தை மாற்றிக்கொள்ள முதலாளிக்கு வழி இருந்தால், அவர் எதற்கும் கட்டுப்படவில்லை. ஒரு பக்கம் மட்டும் கட்டுப்படுவது டெக்சாஸ் சட்டப்படி ஒப்பந்தம் ஆகாது. '24 ஹவர் ஃபிட்னஸ்' ஜிம் நிறுவனத்தின் விற்பனை ஊழியர் ஒருவரும் ஓவர்டைம் கேட்டுத்தான் வழக்குப் போட்டார். அவரும் உங்களைப் போல ஹேண்ட்புக்குக்குக் கையெழுத்திட்டவர். 2012-ல் ஐந்தாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் (டெக்சாஸும் அடங்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) அந்த ஷரத்து செல்லாது என்றது.

அதற்காக எல்லா ஷரத்தும் செல்லாது என்று நினைத்துவிட வேண்டாம். ஹாலிபர்ட்டன் என்ற எண்ணெய்த்துறை நிறுவனத்தின் வழக்கில், ஆர்பிட்ரேஷன் திட்டம் பற்றிய அறிவிப்பு கிடைத்த பிறகும் ஊழியர் வேலையைத் தொடர்ந்ததே சம்மதம் என்று டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் 2002-ல் சொன்னது. ஆனால் அந்த நிறுவனம் தன் கையையும் கட்டிக்கொண்டிருந்தது: திட்டத்தை ரத்துசெய்ய 10 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், ஏற்கெனவே தெரிந்த தகராறுக்குத் திருத்தம் பொருந்தாது.

இன்னொன்று. சேரும்போது கம்ப்யூட்டரில் தனியாக ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் எதற்காவது 'ஐ அக்ரீ' கொடுத்தீர்களா? அப்படியானால் மேலே சொன்ன வாதம் பலவீனமாகிவிடும். அந்தத் தாளை வக்கீலிடம் முதலில் காட்டுங்கள்.

எது எப்படி இருந்தாலும், மத்தியத் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் கொடுப்பதை எந்த ஷரத்தும் தடுக்காது. ஓவர்டைம் பாக்கிக்குக் காலக்கெடு 2 வருடம், வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் 3 வருடம். ஒவ்வொரு சம்பளத் தேதிக்கும் அது தனித்தனியாக ஓடுகிறது, புகார் கொடுத்தால் மட்டும் அது நிற்காது, வழக்குப் போட்டால்தான் நிற்கும். அதனால் பழைய பாக்கி கைநழுவுவதற்குள் இந்த வாரமே புகாரை எழுதுங்கள், வக்கீலையும் பாருங்கள்.