கம்பி எப்போது ஒடியும்? விமானத் தகடு பற்றி வாசகர் கேள்விகள்

விமானத்தின் உடலில் விழும் விரிசல், அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஆகியவை பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த மாதம் பதில்.

தாங்கக்கூடிய சுமைக்குள்தானே விமானம் பறக்கிறது? பிறகு தகட்டில் விரிசல் எப்படி வரும்? ‘உலோகக் களைப்பு’ என்கிறார்களே, உலோகத்துக்கு என்ன களைப்பு?
– வாசகர், பேட்டை

குறடு கையில் இல்லாத கொத்தனார் கட்டுக்கம்பியை என்ன செய்வார்? ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்குவார். ஏழெட்டு மடக்கில் ஒடிந்து வந்துவிடும். அதே கம்பியை ஒரே இழுப்பில் அறுக்கச் சொன்னால் அவரால் முடியாது. தாங்கக்கூடிய சுமைதான், ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் ஒடிக்கும். களைப்பு என்பது இவ்வளவுதான்.

கம்பியை நாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மடக்குகிறோம், அதனால் எட்டில் முடிந்துவிடுகிறது. விமானத் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவே விரிந்து சுருங்குகிறது, அதனால் கணக்கு பல்லாயிரத்துக்குப் போகிறது. ஜெட் விமானம் 35,000 அடிக்கு ஏறும்போது உள்ளே நாம் மூச்சுவிடக் காற்றை அடைத்து வைக்கிறார்கள். வெளியே காற்று மெலிந்துபோகிறது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு அதிகம். நம் கணக்கில், ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்தரை டன் வெளியே தள்ளுகிறது. இதைத் தாங்கும் தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பள்ளிப் பிள்ளைகளின் இரும்பு ஸ்கேல் தடிமன்தான். ஏறும்போது பலூன் மாதிரி உப்பி, இறங்கும்போது சுருங்கும். இந்த ஒரு தடவையைத் தொழிலில் ‘ஒரு சைக்கிள்’ என்பார்கள்.

தகட்டை ரிவெட் அடித்து இணைக்கத் துளை போட வேண்டும். வட்டத் துளையின் விளிம்பில் இழுவிசை மற்ற இடத்தைப்போல மூன்று மடங்கு ஆகிவிடும். விரிசல் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான், ரிவெட் தலைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். இன்னொன்று: ஓர் அளவுக்குக் கீழே எத்தனை தடவை இழுத்தாலும் உருக்கு ஒடியாது. அலுமினியக் கலவைக்கு அந்தச் சலுகை இல்லை. எவ்வளவு சிறிய இழுவை என்றாலும் அது கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

அண்ணாச்சி, தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்ல இருந்து சென்னைக்குப் போற காத்தாடி வச்ச பிளேன் ஒரே நாள்ல அங்கிட்டும் இங்கிட்டும் பல தடவ போய் வருது. திருவனந்தபுரத்துல இருந்து துபாய் போற பெரிய பிளேனைவிட இது சீக்கிரம் தேஞ்சிருமா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. விமானத்தின் உடல் வயதை வருஷத்தாலும் பறந்த மணியாலும் மட்டும் அளப்பதில்லை. எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதுதான் முக்கியம். ஒரு நாளைக்கு 8 தடவை பறக்கிற சிறிய விமானம், ஆண்டில் 350 நாள் ஓடினால் 2,800 சைக்கிள். நாலு மணி நேரப் பயணமாக நாளைக்கு 4 தடவை போகிற விமானத்துக்கு அதில் பாதிதான். ஆனால் இந்தக் கணக்கு தெரிந்தேதான் விமானத்தைக் கட்டுகிறார்கள். நீங்கள் சொல்லும் ஏ.டி.ஆர். 72 ரகத்தை 70,000 பறத்தலுக்கு வடிவமைத்திருக்கிறார்கள். கடல் கடந்து போகும் பழைய போயிங் 747க்கு இலக்கு 20,000 பறத்தல்தான். குறுந்தூர விமானம் என்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது எப்போது என்பதற்கு 1988 ஏப்ரல் 28 ஒரு பாடம். ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-200, 24,000 அடி உயரத்தில் முன்பாதிக் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானத்தை இறக்கிவிட்டார்கள். அந்த விமானம் பறந்தது 35,496 மணி நேரம், அது பெரிதில்லை. ஏறி இறங்கியது 89,680 தடவை. அந்த ரகத்தின் வடிவமைப்பு இலக்கோ 75,000.

அதோடு உப்புக்காற்று. தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு கேட்டும் கிரில்லும் என்ன பாடு படும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பழைய 737களில் ஒரு தகட்டின் மேல் மறு தகட்டை ஏற்றி, நடுவே பசை வைத்து, மூன்று வரிசை ரிவெட் அடித்திருந்தார்கள். சுமையைப் பசை வாங்க வேண்டும் என்பது திட்டம். பசை விட்டுப்போய் ஈரம் புகுந்ததும் சுமை முழுக்க ரிவெட்டின் தலையில் விழுந்தது. ரிவெட் தலை வெளியே துருத்தாமல் இருக்கத் துளையின் வாயைச் சரிவாகக் கடைவார்கள். 0.9 மில்லிமீட்டர் தகட்டில் அப்படிக் கடைந்தால் அடியில் மிஞ்சுவது கத்தி முனை மாதிரியான விளிம்பு. விரிசல் கிளம்ப அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு துளையில் மட்டும் விரிசல் என்றால் பக்கத்து உலோகம் தாங்கியிருக்கும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளிலெல்லாம் சின்னச் சின்னதாக விழுந்து, கடைசியில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. இந்த விபத்துக்குப் பிறகுதான் அரிப்புக்கென்றே தனிப் பராமரிப்புத் திட்டம் கட்டாயமானது.

பஸ்ஸுக்கு எஃப்.சி. பத்து நாள் தள்ளிப்போனால் பிரேக் உடனே பிடிக்காமல் போய்விடுவதில்லை. விமானப் பரிசோதனையை மட்டும் ஏன் ஒரு தடவைகூடத் தவறவிடக் கூடாது என்கிறார்கள்?
– வாசகர், வள்ளியூர்

பஸ் எஃப்.சி.க்குக் காலண்டர்தான் அளவு. விமானத்தின் கட்டமைப்புப் பரிசோதனைக்கு இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

ஒரு இணைப்பில் கருவிக்கு அகப்படும் குறைந்தபட்ச விரிசல் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 60 மில்லிமீட்டர் ஆனால் தகடு தாங்காது. மூன்றிலிருந்து அறுபதுக்கு வளர 12,000 பறத்தல் ஆகும் என்று சோதனையிலும் கணக்கிலும் கண்டிருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். (எண்கள் உதாரணத்துக்கு, இடத்துக்கு இடம், ரகத்துக்கு ரகம் மாறும்.) அப்படியானால் பரிசோதனையை 12,000க்கு ஒரு தடவை வைக்க மாட்டார்கள். இரண்டாலோ மூன்றாலோ வகுத்து 6,000க்கோ 4,000க்கோ ஒன்று வைப்பார்கள். முதல் தடவை இருட்டிலோ அவசரத்திலோ ஒருவர் கண்ணில் படாவிட்டாலும் அடுத்த தடவை படட்டும் என்பதற்காகத்தான் அந்த வகுத்தல்.

ஒரு பரிசோதனையைத் தவறவிட்டால், இரண்டு வாய்ப்பில் ஒன்றை நாமே எடுத்து எறிந்துவிட்டோம் என்று பொருள். பார்க்காமலே ‘பார்த்தாச்சு’ என்று டிக் போட்டுக் கையெழுத்து வைப்பது அதைவிட மோசம். தவறவிட்டது பதிவேட்டிலாவது தெரியும், பொய் டிக் தெரியாது. விரிசல் ஒரே சீராக வளர்வதும் இல்லை. பாதிக் காலம் ஊர்ந்துவிட்டுக் கடைசியில் ஓட்டமெடுக்கும். ‘போன தடவை சின்னதாத்தானே இருந்தது’ என்பது இதனால்தான் எடுபடாது.

சட்டப்படி இரண்டு வகைக் காகிதங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தயாரிப்பு நிறுவனம் அனுப்புவது சர்வீஸ் புல்லட்டின், பெரும்பாலும் பரிந்துரை. ஒழுங்குமுறை அமைப்பு வெளியிடுவது ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ், அதாவது ஏ.டி. இது கட்டாயம். குறித்த சைக்கிளுக்குள் செய்யாவிட்டால் விமானம் தரையில்தான் நிற்க வேண்டும். இந்தியாவில் இதைக் கண்காணிப்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அலோஹா விஷயத்தில் தயாரிப்பாளரின் புல்லட்டின் பல இணைப்புகளைச் சொன்னது, கட்டாய உத்தரவு கூரையின் மேல் இணைப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டது. கட்டாயமில்லாததை எத்தனை பேர் மெனக்கெட்டுச் செய்வார்கள்?

எங்கள் பட்டறையில் வெல்டிங்கில் விரிசல் பார்க்க டி.பி. டெஸ்ட் (சாயத்தை உள்ளே இறக்கிப் பார்ப்பது) செய்கிறோம். விமானத்திலும் அதேதானா?
– வாசகர், திசையன்விளை

அடிப்படை அதேதான், கண்டிப்பு அதிகம். விமானத்தில் பெரும்பாலும் சிவப்புச் சாயத்துக்குப் பதில் புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம். உங்கள் சிவப்புச் சாய முறையையே சொல்கிறேன். தகட்டைக் கரைப்பானால் துடையுங்கள். கம்பி பிரஷ்ஷோ எமரித் தாளோ போட்டுத் தேய்க்காதீர்கள். அலுமினியம் மென்மையானது, தேய்த்த உலோகம் விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு அதற்குள் சாயம் இறங்காது. நன்றாகக் காய்ந்ததும் சிவப்புச் சாயத்தைப் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை (பொதுவாக 10 முதல் 30 நிமிடம்) விடுங்கள். மேலே மிஞ்சியதை நூல் பிரியாத துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்க வேண்டும். பட்டறைகளில் அதிகம் பார்க்கும் தப்பு இங்கேதான்: கிளீனரை நேரே தகட்டின் மேல் அடித்துவிடுவார்கள். விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும், ‘விரிசல் இல்லை’ என்று சந்தோஷமாக எழுதிவிடலாம்! கடைசியில் வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துப் பத்து நிமிடம் பொறுத்தால் சிவப்புக் கோடு கசிந்து வரும். பார்க்க 1,000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. இந்த முறை ஏறத்தாழ 50 டிகிரி வரைதான் சரிப்படும். சித்திரை வெயிலில் மதியம் நின்ற தகட்டில் கை வைக்க முடியாது. அதில் சாயம் உள்ளே இறங்குவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். நிழலில் ஆறவிட்டுச் செய்யுங்கள்.

டி.பி.யின் குறை, மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலை மட்டுமே காட்டும். பெயின்டையும் எடுத்தாக வேண்டும். அதனால் ரிவெட் வரிசைகளுக்கு எடி கரண்ட்தான். பென்சில் மாதிரியான புரோபின் முனையில் ஒரு சிறிய காயில். அது தகட்டுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். விரிசல் குறுக்கே வந்தால் அந்த ஓட்டம் சுற்றிக்கொண்டு போக, திரையில் கோடு துள்ளும். மெல்லிய பெயின்டின் மேலேயே பார்க்கலாம். வேலைக்கு முன்னும் பின்னும், அளந்து வெட்டிய காடி உள்ள மாதிரித் தகட்டில் கருவியைச் சரிபார்க்க வேண்டும். வேலை முடிந்து பார்க்கும்போது அளவு விலகியிருந்தால், இடையில் பார்த்த அத்தனை ரிவெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆயிரம் ரிவெட் ஆனாலும் சரி. சலிப்பு வரும் வேலைதான். அதுவும் பெரும்பாலும் ராத்திரி, விமானம் சும்மா நிற்கும் நேரத்தில்.

அடிபட்ட விமானத்துக்கு ஒட்டுப் போட்டுப் பறக்கவிடலாமா?
– வாசகி, தென்காசி

முறையாகப் போட்ட ஒட்டு ஆயுசுக்கும் நிற்கும். முறை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு விமானங்கள் போதும், இரண்டும் 747.

முதலாவது ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. அந்த விமானம் 1978-ல் ஒசாகாவில் இறங்கும்போது வாலைத் தரையில் தேய்த்தது. உள்காற்றை அடைத்து வைக்கும் பின்பக்க அழுத்தத் தடுப்புச் சுவரைச் சரிசெய்தபோது, இரண்டு பாதியையும் ஒரே இணைப்புத் தகட்டால் பிடித்திருக்க வேண்டும். அந்தத் தகட்டை இரண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் பகிர வேண்டிய சுமை ஒரே வரிசையில் விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சுமார் 12,300 பறத்தல் தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12-ல் சுவர் பிளந்து வால்பகுதியும், விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்பும் போய் 520 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது சைனா ஏர்லைன்ஸ் 611. 1980-ல் ஹாங்காங்கில் வால் தேய்ந்தது. தகட்டில் விழுந்த கீறல்களை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டுத்தகடு போட்டு மூடினார்கள். கீறல் உள்ளே விரிசலாகி 22 வருஷம் வளர்ந்தது. ஒட்டு மறைத்துக்கொண்டதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 2002 மே 25-ல் தைவான் நீரிணைக்கு மேலே விமானம் உடைந்து 225 பேர் இறந்தார்கள். அந்த ஒட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்ததை விசாரணையாளர்கள் பார்த்தார்கள். விமானத்துக்குள் சிகரெட் பிடிக்க அனுமதி இருந்த காலத்துப் புகை, விரிசல் வழியே கசிந்து படிந்தது. உள்காற்று வெளியேறிய தடம் வருஷக்கணக்காகத் தகட்டில் எழுதியிருந்தது.

காமெட் விமானங்கள் சதுர ஜன்னலால் விழுந்தன என்று படித்தேன். சரியா?
– மாணவி, அம்பாசமுத்திரம்

பாதி சரி. காமெட்தான் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954-ல் இத்தாலியின் எல்பா தீவு அருகே விழுந்த காமெட்டின் விரிசல் தொடங்கியது கூரையில், ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். பயணிகள் ஜன்னலில் இல்லை. இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கியபோது, பழைய பறத்தலும் சேர்த்து 3,057வது சைக்கிளில் கிழிந்தது. விழுந்த விமானம் 1,290-லேயே போய்விட்டது. முன்பு செய்த சோதனையில் மட்டும் 18,000 வரை தாங்கியதே என்றால், அந்தத் துண்டை அதற்கு முன் இரண்டு மடங்கு அழுத்தத்தில் சோதித்திருந்தார்கள். துளை விளிம்பில் உலோகம் கொஞ்சம் இளகிக்கொடுத்து, தற்செயலாக ஆயுள் கூடிப்போனது. சோதித்த துண்டு பறந்த விமானத்தைப்போல் இல்லை.

கயத்தாறு, பணகுடிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளுக்கும் இந்தத் தொல்லை உண்டா?
– வாசகர், பணகுடி

உண்டு, எண்ணிக்கையில் விமானத்தைத் தூக்கிச் சாப்பிடும். நிமிடத்துக்கு 15 சுற்று, ஆண்டுக்கு 6,000 மணி ஓட்டம் என்றால் 54 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் எடை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் மாறும். அதனால் இறக்கை அடியிலுள்ள போல்ட்டின் இறுக்கத்தை, புதிதாக நிறுவிச் சில நூறு மணி ஓடியதும் ஒரு தடவையும், பிறகு ஆண்டுக்கணக்கிலும் பார்க்க வேண்டும். தளர்ந்த போல்ட்தான் களைத்து ஒடியும். இறுக்கமான போல்ட்டுக்குச் சுமை மாறுவதே குறைவாகத்தான் தெரியும்.

ஜன்னல் வழியாக இறக்கையில் பளபளவென்று டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். இறங்கிவிடலாமா என்று தோன்றியது!
– வாசகி, பாளையங்கோட்டை

இறங்க வேண்டாம். அது அலுமினியத் தகட்டு டேப், ‘ஸ்பீட் டேப்’ என்பார்கள். பெயின்ட் உரிந்த இடம், சீலன்ட் போன விளிம்பு மாதிரி சுமை தாங்காத இடங்களுக்குத் தற்காலிகமாக ஒட்டுவதற்குப் பராமரிப்புக் கையேட்டிலேயே இடமுண்டு. இறக்கை மேலும் கீழும் ஆடுவதும் சரிதான், ஆடாத இறக்கைதான் ஒடியும். ஆனால் ஏறும்போது கதவருகே தகட்டில் கோடு மாதிரி விரிசலோ, இறக்கைக்கு அடியில் எரிபொருள் சொட்டுவதோ கண்ணில் பட்டால், கூச்சப்படாமல் பணியாளரிடம் சொல்லுங்கள். அலோஹா விமானத்தில் ஏறிய பயணி ஒருவர் கதவருகே விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.