வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: சினாக்தென் ஊசிச் சோதனை

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மூட்டுவாதத்துக்கு மூன்று வருடமாகப் பிரெட்னிசலோன் குளிசை குடிக்கிறா, இப்போது 5 மில்லிகிராம். மேலும் குறைத்தால் தலைச்சுற்றும் களைப்பும். கிளினிக்கில் சினாக்தென் சோதனை எழுதியிருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு போகவேணுமா? குளிசையை நிப்பாட்டலாமா?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: சாப்பிட்டுவிட்டே போகலாம். ஊசி போட்டதும் சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினல் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனைப் போதுமான அளவு சுரக்கிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. குளிசைதான் கவனம். பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீரொய்ட். அதைப் பல ஆய்வுகூட முறைகள் கோட்டிசோல் என்றே எண்ணிவிடும். அந்தச் சுரப்பி தூங்கினாலும் அறிக்கை நல்லதாக வரும். அதனால் வழமையாக முதல்நாள் காலைக் குளிசையோடு விட்டு, சோதனை நாள் குளிசையை இரத்தம் எடுத்து முடிந்த கையோடு குடிக்கச் சொல்வார்கள். அதையும் உங்கள் வைத்தியர் சொன்னால்தான் செய்யவேண்டும். நீங்களாக நாட்கணக்கில் நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்தாகலாம். இடையில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் சோதனையைப் பார்த்திருக்காமல் அன்றே ஆசுப்பத்திரிக்குப் போய், ஸ்டீரொய்ட் குடிப்பவர் என்று முதலில் சொல்லுங்கள்.

மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி அதிரினலுக்குக் கட்டளையாக அனுப்பும் ஏ.சி.ரி.எச். ஓமோனில் 39 அமினோ அமிலங்கள். அதன் முதல் 24ஐ மட்டும் செய்து எடுத்ததே இந்த மருந்து. காலையில் முதல் இரத்தம், பிறகு 250 மைக்ரோகிராம் நாளத்திலோ தசையிலோ, 30ஆம் நிமிடம் மறு இரத்தம். சில இடங்களில் 60ஆம் நிமிடமும். அதிகம் பிழைப்பது இந்த நேரத்தில்தான்: 30 என்று எழுதிய குழாய் 45இல் எடுத்ததாக இருக்கும். தாதியிடம் ஊசி போட்ட நேரத்தைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.

தொய்வு, ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும். பம்ப், தோல் களிம்பு, மூட்டுக்குள் போட்ட ஊசி எல்லாமே ஸ்டீரொய்டாக இருக்கலாம். 'அது குளிசை இல்லையே' என்று விட்டுவிடாதீர்கள்.

மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால், 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவேண்டும். நம்மூர் வெயிலில் பஸ்ஸில் கைப்பையோடு கொண்டு வராதீர்கள். ஐஸ் பெட்டியில், ஐஸில் நேரே படாமல் கொண்டுவாருங்கள். 1 மில்லிகிராம் 'டிப்போ' வேறு தயாரிப்பு, இந்தச் சோதனைக்கு அதை வாங்கவேண்டாம்.

கேள்வி: எனக்கு இந்தச் சோதனையில் அரை மணியில் கோட்டிசோல் 468. ஒருவர் குறைவென்கிறார், மற்றவர் போதுமென்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகர், கோப்பாய்)

பதில்: இருவரும் சரியாக இருக்கலாம். கோட்டிசோலை அளக்கும் பழைய முறைகளுக்கு லீற்றருக்கு 500 முதல் 550 நனோமோல் எல்லை. புதிய முறைகள் சிலவற்றுக்கு 430 அளவே போதும். எந்த முறை என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். அலகையும் பாருங்கள்: டெசிலீற்றருக்கு மைக்ரோகிராமில் 18 என்றால் லீற்றருக்கு நனோமோலில் ஏறக்குறைய 500. கபச்சுரப்பியில் சத்திரசிகிச்சை செய்து சில வாரங்களே ஆகியிருந்தால், நல்ல எண்ணையும் நம்பமுடியாது. கபச்சுரப்பியின் கட்டளை நின்றாலும் அதிரினல் சுரப்பி சுருங்கச் சில வாரம் எடுக்கும், அதுவரை ஊசிக்குப் பதில் சொல்லும்.