நாயனமும் தவிலும் சேரும் இடம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 15 வயது. மூன்று வருடமாக நாதஸ்வரம் (நாயனம்) கற்கிறான். அண்ணன் மகனுக்கு 17, தவில். இருவருக்கும் ஆசிரியர் வேறு வேறு. தனியாக வாசித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. சென்ற மாதம் ஊர்க் கோயிலில் முதல் தடவையாகச் சேர்ந்து வாசித்தார்கள். அரை மணி நேரத்தில் நாயனத்தின் சுருதி ஏறிவிட்டது. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியில் வேகமான மேல்காலம் போனதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளிதான் கோளாறு என்கிறான் மகன். இதை நம்பிப் பிழைக்க முடியுமா? பள்ளிப் படிப்பை நிறுத்தி இசைப்பள்ளியில் சேர்த்துவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

சீவாளி மேல் பழி போடுவது எளிது. பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுருதி ஏறியதும் வாசிப்பை நிறுத்தாமல், நாயனத்தில் கட்டிய சரட்டில் தொங்கும் இன்னொரு பழகிய சீவாளியைச் சட்டென்று மாற்றச் சொல்லுங்கள். சுருதி இறங்கினால் கோளாறு முதல் சீவாளியில் என்று பொருள். அப்படியும் ஏறியே நின்றால் கோளாறு உதட்டில். உதடு களைத்தவுடன் பிள்ளைகள் சீவாளியைக் கடிக்க ஆரம்பிப்பார்கள். கடித்தால் திறப்பு குறுகும், சுருதி ஏறும். மூச்சில் வர வேண்டிய அழுத்தத்தை உதட்டில் கொடுப்பதால் வருகிற வினை இது. மூன்று வருட மாணவனுக்குப் பெரும்பாலும் இதுதான்.

மருந்து அலுப்பானது. சுருதிப் பெட்டியோடு ஒரே ஸ்வரத்தை 15 விநாடி அசையாமல் பிடிப்பது, பிறகு அடுத்த ஸ்வரம். மந்திர பஞ்சமத்தில் தொடங்கி மேல் சட்ஜம் வரை போய்த் திரும்ப வேண்டும். உதடு வலித்தால் நிறுத்திவிட்டுப் பாட்டை வாயால் பாடட்டும். வலியோடு ஊதினால் கடிக்கும் பழக்கம்தான் ஊன்றும். நாயனத்தில் சாவி கிடையாது. ஸ்வரத்தை அசைக்கும் கமகம் முழுவதும் மூச்சிலும் உதட்டிலும் விரலிலும் பிறக்கிறது. நீண்ட ஸ்வரம் நிற்காத பையனுக்குத் தோடி ராகம் நிற்காது.

இன்னும் சில விஷயங்கள். குழல் சூடேறினாலே சுருதி சற்று ஏறும். ஆகவே ஐந்து நிமிடம் ஊதிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும். சீவாளியைப் பொருத்தும் உலோகக் குழாயான கெண்டையைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். அதில் சுற்றிய நூல் தளர்ந்திருந்தால் காற்று கசிந்து நாதம் சோடையாகிவிடும். புதுச் சீவாளியை வாங்கிய கையோடு கோயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது. தினம் சிறிது நேரம் ஊதிப் பழக்கி, பழகியவை மூன்று நான்கு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். கீழ் ஸ்வரங்கள் உடைகிறதா என்றும் பாருங்கள். இன்று பெரும்பாலோர் வாசிப்பது பாரி நாயனம். நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்து நிலைநிறுத்திய அளவு அது. பழைய குட்டை நாயனமான திமிரியைவிட நீளம், சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. சின்னக் கைக்குத் துளைகள் எட்டி இருக்கும். விரல் நுனியால் மூடப் பார்த்தால் ஓரத்தில் கசியும், சதைப்பற்றான பகுதியால்தான் மூட வேண்டும்.

இனி மல்லாரி. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். இருவரும் தனித்தனியே கற்றதன் விளைவு அங்கேதான் வெளியே வந்திருக்கிறது. கீழ்க்காலத்தில் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) எடுக்கும் சொற்கட்டு நடுக்காலத்தில் இரண்டு, மேல்காலத்தில் ஒன்று. தாளம் மட்டும் இம்மி நகரக் கூடாது. மேல்காலம் வந்ததும் நாயனக்காரன் மூச்சுக்கு இடம் தேடித் தாளத்தை இழுப்பான். தவில்காரன் கை சூடேறி ஓடுவான். பிரிவது அந்த இடத்தில்தான். வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, தவில் பையன் மல்லாரியை ஸ்வரமாகப் பாடட்டும், நாயனப் பையன் தவிலின் சொற்கட்டை வாயால் சொல்லட்டும். ஒருவர் ஜால்ரா தட்டித் தாளத்தைக் காக்க வேண்டும், பிறகு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று காலமும் இப்படி வாயில் நின்ற பிறகே வாத்தியத்தை எடுக்கலாம். பாட்டு தெரியாத தவில்காரர் எவ்வளவு கைவேகம் இருந்தாலும் செட்டுக்குப் பாரம்தான். ஆலாபனையில் அவர் நுழைய வேண்டியது நாயனக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில். அது எப்போது வரும் என்று ராகம் தெரிந்தவருக்கே தெரியும்.

தவில் பையனின் கூடுகளையும் ஒருமுறை பாருங்கள். துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த அந்த விரலுறை தளர்ந்திருந்தால் வலந்தலையில், அதாவது தவிலின் வலப்பக்கத்தில், சொல் தெளியாது, நடுவில் கழன்றும் போகும். இறுகினால் விரல் மரத்துவிடும். காதையும் சொல்ல வேண்டும். சிறிய அறையில் மணிக்கணக்காக இந்த இரண்டு வாத்தியமும் சேர்ந்தால் செவித்திறன் குறையும், இழந்தது திரும்பாது. திறந்தவெளியில் பழகட்டும், இல்லாவிட்டால் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளட்டும். மேடையில் நாயனத்தின் விரிந்த அடிவாயான அணசுக்குள் மைக்கைத் திணிக்கும் வழக்கம் எப்படி வந்ததோ! நாதம் விரல்துளைகளிலிருந்தும்தான் வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் முழு ஒலியும் கிடைக்கும்.

பிழைப்புக்கு வருகிறேன். சபாக் கச்சேரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வருமானம் வருவது முகூர்த்தங்களிலும் கோயிலிலும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அந்த மாதங்களில் கோயில் தாங்கும். கோயில் என்றால் தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என்று எதற்கு எது என்பது தெரிய வேண்டும். ராகங்களில் காலையில் பூபாளம், பௌளி, பள்ளியறைக்கு நீலாம்பரி. மேடையில் நன்றாக வாசிக்கும் பலர் இந்த இடத்தில் விழிப்பார்கள். ஒரு பெரிய கோயிலின் பிரம்மோற்சவத்துக்கு, அங்கே வாசிக்கும் செட்டோடு பத்து நாளும் பின்னால் நடந்து, ஒருவர் தாளம் போடும் வாய்ப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு கவனிப்பதுதான் அதற்குப் படிப்பு. ஆகாசவாணியின் (அகில இந்திய வானொலி) வாசிப்புத் தேர்வுக்கும் பின்னால் போகலாம். பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் உண்டு. அந்தத் தரம் வெளியூர் அழைப்புகளுக்கு உதவும்.

அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளம் பணியிடங்களுக்கு இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு. வயது 12 முதல் 25 வரை. நாதஸ்வரம், தவில் பிரிவுகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் அது பகல்நேரப் பள்ளி, அதையும் பள்ளிப் படிப்பையும் ஒருசேர ஓட்ட முடியாது. ஆகவே மகனின் படிப்பை நிறுத்தாதீர்கள். பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தாலும் வயது வரம்புக்குள் பல ஆண்டு மிச்சம் இருக்கும். அண்ணன் மகன் பிளஸ் டூ முடித்தவனாக இருந்தால் வரும் சேர்க்கையிலேயே சேரலாம். அதுவரை வாரத்தில் இரண்டு நாளாவது இருவரையும் ஒரே ஆசிரியர் முன்னால் உட்கார வையுங்கள். யார் ஆசிரியர் என்றாலும் சரி. ஆனால் நாயன ஆசிரியர் என்றால் நல்லது, பாட்டு அவரிடம்தான் இருக்கும்.