மாத்திரை இனி உங்கள் கையில்

வாசகர் கேள்வி – பதில்

பிறக்கும்போதே எச்.ஐ.வி. தொற்றிய பிள்ளைகள் இப்போது கல்லூரி, வேலை, கல்யாணம் என்று வந்து நிற்கிறார்கள். அவர்களும் அவர்களை வளர்த்தவர்களும் எழுதிய கடிதங்களில் சில இந்த இதழில். மாவட்டம் தவிர மற்ற அடையாளங்களை நீக்கிவிட்டோம். எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சையில் அனுபவமுள்ள மருத்துவரும் ஆலோசகரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

எனக்கு 18 வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பத்தா மாத்திரையைக் கையில் வைக்கும், நான் விழுங்குவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். அடுத்த மாதம் கோவையில் ஹாஸ்டலில் சேர்கிறேன். ஒரு ரூமில் நாலு பேர். எங்கே வைப்பது, எப்போது போடுவது? மருந்து வாங்க ஊருக்கு வந்து வந்து போக வேண்டுமா?
— மாணவி, மதுரை மாவட்டம்

முதலில் நேரத்தை மாற்றுங்கள். நீங்கள் போடுவது டி.எல்.டி. மாத்திரையாகத்தான் இருக்கும். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதை ராத்திரிதான் போட வேண்டும் என்று விதி கிடையாது. ‘படுக்கும்போது போடு’ என்பது எஃபாவிரென்ஸ் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்து கொடுத்த காலத்துப் பழக்கம். அது தலையைச் சுற்றும், அதனால் அப்படிச் சொன்னார்கள். டொலுடெக்ராவிர் அதற்கு நேர்மாறு, சிலருக்குத் தூக்கத்தையே கெடுக்கும். ஹாஸ்டலில் நாலு பேரும் ரூமில் இருப்பது ராத்திரிதான். காலையில் பல் துலக்கப் போகும்போது போட்டுவிடுங்கள். ராத்திரி 9 மணிக்குப் போட்டவர் மறுநாள் காலை 7 மணிக்கே அடுத்ததைப் போட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை இடைவெளி குறைந்தால் கெடுதல் இல்லை, நீளக் கூடாது என்பதுதான் கணக்கு. ஊரில் இருக்கும்போதே, மருந்து வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிவிட்டு மாற்றுங்கள், முதல் வாரம் அப்பத்தா பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அடுத்து டப்பா. எல்லோரும் லேபிளை நினைத்துப் பயப்படுகிறார்கள். காட்டிக்கொடுப்பது சத்தம்தான். 30 மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா பையில் கலகலவென்று ஆடும். மேலே கொஞ்சம் சுத்தமான பஞ்சை அடைத்துவிட்டால் சத்தம் வராது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரிய டப்பா பூட்டுள்ள பெட்டியில் இருக்கட்டும். வாரத்துக்கு 7 மட்டும் திருகு மூடி உள்ள சின்னச் சிமிழில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குளியலறை அலமாரியும் வெயில் விழும் ஜன்னலும் ஆகாது. கைப்பையில் அவசரத்துக்கு இரண்டு மாத்திரை எப்போதும் இருக்கட்டும், பழசாகாமல் மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

யாராவது கேட்டால் ‘சத்து மாத்திரை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். “எனக்கும் ஒண்ணு குடுடி” என்று கை நீட்டுவார்கள். ‘தைராய்டு’ என்றால் யாரும் பங்கு கேட்கப் போவதில்லை. இந்தப் பொய் ரூம் தோழிகளுக்கு மட்டும். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் மருத்துவரிடம் உண்மையான மருந்துப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். வலிப்புக்கான கார்பமசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை டொலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். ரிஃபாம்பிசின் எடுக்கும் காலத்தில் டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என இரண்டு வேளை கொடுப்பார்கள்.

மறந்துவிட்டால்: வழக்கமான நேரம் தாண்டி 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு ஒன்றே ஒன்று, இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. 30 நாளில் ஒன்று தவறினால் நூற்றுக்கு 96-க்கு மேல் நிற்கிறீர்கள், இரண்டு தவறினால் 93-க்கு இறங்கிவிடுகிறீர்கள். மையங்கள் எதிர்பார்ப்பது 95.

மருந்துக்காக மதுரைக்கு அலைய வேண்டாம். இப்போது போகும் மையத்தில் கோவைக்கு மாற்றம் கேளுங்கள். மாற்றக் கடிதம், பச்சைப் புத்தகம் (உங்கள் சிகிச்சைக் குறிப்பேடு), கடைசி வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) ரிப்போர்ட் மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு, தயங்காமல் கேளுங்கள். ஹாஸ்டல் படிவத்தில் நோய் பற்றிக் கேட்டிருந்தாலும் எச்.ஐ.வி. நிலையை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. படிப்புக்கோ வேலைக்கோ பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதை அது தடுக்கிறது. மீறினால் மாநில அரசு நியமித்திருக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம், 30 நாளில் அவர் உத்தரவு போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பேத்திக்கு 13 வயது. அம்மா அப்பா இருவரும் இல்லை. ‘ரத்தம் ஊற மாத்திரை’ என்று சொல்லி வளர்த்துவிட்டேன். இப்போது முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். சொல்லிவிடலாமா, இல்லை கல்யாண வயசு வரட்டுமா?
— பாட்டி, சேலம் மாவட்டம்

அம்மா, அவளுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். டப்பாவில் மருந்தின் பெயர் இருக்கிறது. அதைப் போனில் தட்டினால் முதல் வரியிலேயே எச்.ஐ.வி. என்று வந்துவிடும். மையத்தின் சுவரில் ஒட்டியிருப்பதையும் அவள் வாசிப்பாள். நீங்கள் அவளிடம் மறைக்கிறீர்கள், தனக்குத் தெரியும் என்பதை அவள் உங்களிடம் மறைக்கிறாள். இப்படி நடக்கும் வீடுகளில்தான் மாத்திரை ஜன்னல் வழியாக வெளியே போகிறது.

6 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உங்களுக்குக் காலம் தாழ்ந்துவிட்டது, அதனால் தாமதிக்காதீர்கள். ஆனால் ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். முதல் நாள், “உன் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்குது. நிறுத்தினா அது முழிச்சிக்கும்” என்பது போதும். அவள் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லும் நாளை ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். பரீட்சைக்கு முதல் நாள், திருவிழாக் கூட்டம் இதெல்லாம் வேண்டாம்.

“எனக்கு எப்படி வந்துச்சு?” என்று நிச்சயம் கேட்பாள். அம்மா வயிற்றில் இருக்கும்போதோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ வந்தது, அம்மாவுக்கே அப்போது தெரிந்திருக்காது என்று சொல்லுங்கள். அப்பனைத் திட்டுவதும் வேண்டாம், அவளுக்கு இருப்பது அந்த ஒரு போட்டோதானே. யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். ஒருவரிடம் சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்பது 13 வயதுக்குத் தானாகப் புரியாது.

21 வயது ஆகிறது, பார்த்தால் ஒன்பதாம் வகுப்புப் பையன் மாதிரி இருக்கிறேன். உயரம் கூட டானிக் உண்டா?
— விழுப்புரம் மாவட்டம்

இல்லை. எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து தாம்பரம் போன்ற சில அரசு மருத்துவமனைகளில் தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான். அது எல்லா ஊருக்கும் வந்து சேர வருஷங்கள் ஆயின. பல பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தி நன்றாக இறங்கிய பிறகே மருந்து கிடைத்தது, அதற்குள் வளர வேண்டிய வருஷங்கள் போய்விட்டன. எலும்பு முனைகள் மூடிய பிறகு எந்தப் பவுடரும் உயரம் தராது. 21 வயதிலும் மீசை, குரல் மாற்றம் வரவில்லை என்றால் மட்டும் ஹார்மோன் பரிசோதனை கேளுங்கள். கன்னம் ஒட்டியிருந்தால் சின்ன வயதில் சாப்பிட்ட ஸ்டாவுடின் காரணமாக இருக்கலாம், அந்த மருந்தைக் கைவிடச் சொல்லி 2009-லேயே உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்திவிட்டது. ஜிம்மில் விற்கும் கால்சியம், இரும்பு, துத்தநாகக் கலவைகளை எச்.ஐ.வி. மாத்திரையோடு வெறும் வயிற்றில் போடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

வயது 25, திருப்பூரில் வேலை. கூட வேலை பார்ப்பவர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறார். அவருக்கு விஷயம் தெரியாது. என் வைரல் லோடு ரிப்போர்ட்டில் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ (கிருமி தென்படவில்லை) என்று இருக்கிறது. அவருக்குத் தொற்றுமா? குழந்தைக்கு வருமா?

மாத்திரையைத் தவறாமல் போட்டு, ரிப்போர்ட் இப்படியே இருக்கும்வரை உடலுறவில் அவருக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 888 இணைகளை ஐரோப்பாவில் தொடர்ந்து பார்த்தார்கள், முடிவு 2016-ல் வெளிவந்தது. ஆணுறை இல்லாமல் ஏறக்குறைய 58,000 முறை சேர்ந்திருந்தும் இணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆனால் உங்கள் ரிப்போர்ட் எந்தத் தேதியுடையது? ஒரு வருஷம் தாண்டியிருந்தால் முதலில் புதிதாக எடுங்கள்.

அதனால் சொல்லாமலே கட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. தினமும் ஒருவருக்குத் தெரியாமல் மாத்திரை போடுவது அவ்வளவு சுலபமல்ல, புகுந்த வீட்டில் இன்னும் கஷ்டம். நிச்சயத்துக்கு முன்பே சொல்லுங்கள். நீங்களே வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரை நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) அழைத்துப் போங்கள். ஆலோசகர் முன்னால் பேசும்போது ‘தொற்றுமா’ என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அப்படியே அவரும் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

குழந்தை இயல்பாகவே பெறலாம். டொலுடெக்ராவிர் கருவைப் பாதிக்குமோ என்று 2018-ல் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு பயம் கிளம்பியது. மேலும் தகவல் சேரச் சேர அது அடங்கிவிட்டது. இன்று கர்ப்பிணிகளுக்கும் அதுதான் முதல் மருந்து. யாராவது பழைய பேச்சைச் சொன்னால் நிறுத்திவிடாதீர்கள்.

தவறு நடக்கும் இடம் வேறு. கர்ப்பத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் அவை டொலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். எச்.ஐ.வி. மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது 6 மணி நேரம் பின்பு போடுங்கள். முடியாவிட்டால் சாப்பாட்டோடு எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாம். நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துக்கு இந்தச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். குழந்தைக்குப் பிறந்ததும் தொற்றைத் தடுக்கும் நெவிராபின் சிரப், குறைந்தது 6 வாரம். ஆறாவது வாரம் முதல் பரிசோதனை, 18-வது மாதம் கடைசிப் பரிசோதனை. அம்மாவின் எதிரணுக்கள் அதுவரை குழந்தை ரத்தத்தில் இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு காத்திருப்பு. தாய்ப்பால் கொடுப்பதானால் 6 மாதம் அது மட்டும். மாமியார் சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் என்று கிளம்பினால் மறித்துவிடுங்கள்.

எட்டு மாதமாக மாத்திரை போடவில்லை. அம்மா இறந்ததிலிருந்து விட்டுப்போயிற்று. இப்போது போனால் ஏசுவார்கள்.
— 20 வயது, தேனி மாவட்டம்

ஏசினால் ஒரு பத்து நிமிஷம். போய்விடுங்கள். இந்த வாரத்திலேயே.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய டப்பாவை எடுத்து நீங்களாகத் தொடங்க வேண்டாம். மையத்தில் முதலில் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, ராத்திரி வியர்வை நான்கையும் கேட்பார்கள், காசநோயைத் தேடுவதற்காக. பிறகு சிடி4, அதாவது எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை. அது 200-க்குக் கீழே இருந்தால் மூளையைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சைக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், கோட்ரிமாக்சசோல் மாத்திரையும் கூடச் சேரும். பல பேருக்கு அதே டி.எல்.டி.யையே மறுபடி தொடங்கலாம். அரைகுறையாகப் போட்டவர்களுக்குப் பழைய நெவிராபின் எளிதில் பலிக்காமல் போனதுபோல் டொலுடெக்ராவிர் போவதில்லை. தொடங்கி ஒழுங்காகப் போட்ட பிறகு வைரல் லோடு எடுப்பார்கள். 1000-க்கு மேல் இருந்தால் ஆலோசனை தந்து 3 மாதத்தில் மறுபடி எடுப்பார்கள். அப்போதும் இறங்காவிட்டால்தான் இரண்டாம் கட்ட மருந்து.

கேட்பதற்கு முன்பே தேதியை உண்மையாகச் சொல்லிவிடுங்கள். ‘போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று சொல்லி வைரல் லோடு ஏறியிருந்தால், மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து, தேவையில்லாமல் அடுத்த கட்டத்துக்கு மாற்றிவிட வாய்ப்பு உண்டு. பச்சைப் புத்தகம் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பதிவு மையத்தில் இருக்கும். காலையில் சீக்கிரமாகப் போங்கள், ரத்தம் எடுப்பது பெரும்பாலும் காலை நேரத்தில்தான்.