ஒரு பக்கம், ஒரே பண்பு: கெர்னல் நினைவகம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பக்க அட்டவணையின் வேலை, மெய்நிகர் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றித் தருவது என்றே படித்திருக்கிறேன். டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதுகிறவர்கள் ‘பக்கத்தின் பண்பை மாற்ற வேண்டும்’ என்கிறார்கள். அந்தப் பண்பு எங்கே இருக்கிறது?

பதில்: அதே அட்டவணையில்தான் இருக்கிறது. 64 பிட் எக்ஸ்86 செயலிகளில் அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 8 பைட் நீளமுடையது. நினைவகம் பிரிக்கப்படும் துண்டுகளான பக்கங்கள் 4 கிலோபைட் எல்லைகளில் தொடங்குவதால், பௌதிக முகவரியின் கடைசி 12 பிட்கள் எப்போதும் பூச்சியமாகவே இருக்கும். முகவரிக்குத் தேவைப்படாத அந்த இடத்தில்தான் பண்புகள் எழுதப்படுகின்றன. 1ஆம் பிட் எழுதும் அனுமதியைக் காட்டுகிறது. 2ஆம் பிட் பயனர் நிரல்கள் அணுகலாமா என்பதைக் காட்டுகிறது. மறுகோடியில் உள்ள 63ஆம் பிட், அந்தப் பக்கத்தில் இருப்பதை நிரலாக இயக்கக் கூடாது என்று தடுக்கிறது.

கேஷ் என்பது நினைவகத் தரவின் பிரதிகளைச் செயலிக்குள் வைத்திருக்கும் சிறிய, வேகமான சேமிப்பு. அது தொடர்பானவை 3, 4, 7 ஆகிய மூன்று பிட்கள். இவை சேர்ந்து 0 முதல் 7 வரையிலான ஓர் எண்ணைத் தருகின்றன. அந்த எண் நேரடியாகக் கேஷ் வகையைக் குறிப்பதில்லை. செயலியில் பிஏடி என்ற பெயரில் எட்டு இடங்கள் கொண்ட ஒரு ரெஜிஸ்டர் (வன்பொருளுக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) இருக்கிறது. எண் அதில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல, அந்த இடத்தில் எழுதியிருக்கும் வகையே நடைமுறைக்கு வருகிறது. செயலி தொடங்கும்போது இந்த எட்டு இடங்களில் எழுத்துச் சேர்ப்பு (எழுதும் செயல்களைத் திரட்டி அனுப்புவது) எனப்படும் வகை ஒன்றில்கூட இருப்பதில்லை. ஆகவே லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தொடக்கத்திலேயே ரெஜிஸ்டரைத் திருத்தி அதற்கு ஓர் இடம் தருகிறது. 2 மெகாபைட் பெரிய பக்கங்களின் பதிவில் 7ஆம் பிட் பக்க அளவைச் சொல்லப் பயன்படுவதால், பிஏடி பிட் 12ஆம் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பெரிய பக்கத்தைச் சிறு பக்கங்களாகப் பிரிக்கும் நிரலில் இதை மறந்தால் கேஷ் வகை சத்தமில்லாமல் மாறிவிடும்.

இவை அனைத்துக்கும் மேலாக மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பண்புகள் பௌதிகப் பக்கத்தின் மீது எழுதப்படுவதில்லை. அந்தப் பக்கத்தைச் சுட்டும் ஒவ்வொரு அட்டவணைப் பதிவிலும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே புறப்படுகின்றன.

கேள்வி: கேஷ் வேகத்துக்காகவே இருக்கிறது. அப்படியிருக்க, அதை வேண்டாம் என்று சொல்லும் தேவை ஒரு கெர்னலுக்கு ஏன் வருகிறது?

பதில்: முகவரிவெளியில் இருப்பதெல்லாம் நினைவகம் அல்ல என்பதால் வருகிறது. ஒரு பிணைய அட்டையின் நிலை ரெஜிஸ்டரும் ஒரு முகவரியாகத்தான் தோன்றுகிறது. அதைப் படிப்பதே ஒரு செயலாக இருக்கலாம்: படித்தவுடன் அட்டை தன் குறிப்பை அழித்துவிடலாம். அத்தகைய முகவரியைக் கேஷில் வைத்தால், இரண்டாம் முறை படிக்கும்போது பழைய மதிப்பே கிடைக்கும். எழுதிய கட்டளை அட்டையைச் சென்றடையாமல் கேஷிலேயே தங்கிவிடும். செயலி ஊகமாக முன்கூட்டிப் படிப்பதையும் அங்கே அனுமதிக்க முடியாது. எனவே அந்தப் பகுதிகளுக்குக் கேஷ் இல்லா வகையைத் தருகிறோம். ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் நிரல் சொன்ன வரிசையிலேயே சாதனத்துக்குப் போகின்றன.

இதற்கு இடைப்பட்டது எழுத்துச் சேர்ப்பு வகை. திரைக்கான பிம்பத்தை எழுதும்போது ஒவ்வொரு நான்கு பைட்டையும் தனியாக அனுப்பினால் பாதை முழுவதும் சிறு பொட்டலங்களால் நிரம்பிவிடும். எழுத்துச் சேர்ப்பில் செயலி, 64 பைட் அளவுள்ள சிறு இடையகங்களில் எழுத்துகளைத் திரட்டி, நிரம்பியதும் ஒரே தொகுதியாக அனுப்புகிறது. ஆனால் இரண்டு விலைகளைக் கொடுக்க வேண்டும். முதலாவது, எழுத்துகள் வரிசை மாறிப் போகலாம். சாதனத்துக்கு ‘தரவு தயார்’ என்று அறிவிக்கும் முன் எழுத்துத் தடுப்புக் கட்டளை ஒன்றை இட்டு, இடையகங்கள் காலியாவதை உறுதிசெய்ய வேண்டும். இரண்டாவது, இந்தப் பகுதியிலிருந்து படிப்பது கேஷ் இல்லாப் படிப்பைப் போலவே மிக மெதுவானது. எழுத்துச் சேர்ப்பு நினைவகத்தை எழுத மட்டுமே பயன்படுத்துங்கள் என்பது என் உறுதியான அறிவுரை. படிக்க வேண்டிய தரவு இருந்தால் சாதாரண நினைவகத்தில் ஒரு பிரதியை வைத்துக்கொள்வதே சரி.

கேள்வி: கேஷ் வழியாகப் பார்க்காமல் நேரே நினைவகத்தைப் படிக்கும் ஒரு சாதனத்துக்கு டிரைவர் எழுதுகிறேன். சாதாரண நினைவகத்தில் சில பக்கங்களைப் பெற்று, அவற்றுக்குக் கேஷ் இல்லாத புதிய மேப்பிங் (மெய்நிகர் முகவரி இணைப்பு) ஒன்றை உருவாக்கினேன். பெரும்பாலும் சரியாக இயங்குகிறது. எப்போதாவது நான் எழுதிய தரவு மறைந்து பழைய தரவு தலைகாட்டுகிறது. என் நிரலில் எங்கும் பழைய முகவரியைத் தொடுவதே இல்லை. காரணம் என்ன?

பதில்: உங்கள் நிரல் தொடவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம், செயலி தொட்டிருக்கிறது. 64 பிட் லினக்ஸ் கெர்னல், கணினியின் நினைவகம் ஏறத்தாழ முழுவதையும் தன் முகவரிவெளியில் ஒரு நேரடி மேப்பிங்காக எப்போதும் வைத்திருக்கிறது. நீங்கள் பெற்ற பக்கங்கள் அங்கே கேஷ் வகையிலேயே இருக்கின்றன. நீங்கள் உருவாக்கிய புதிய மேப்பிங்கில் அதே பக்கங்கள் கேஷ் இல்லாதவையாக இருக்கின்றன. இப்போது ஒரே பௌதிகப் பக்கத்துக்கு இரண்டு முரண்பட்ட பண்புகள். ஒரே கணக்குக்கு இருவர் தனித்தனிக் குறிப்பேடு வைத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் இருப்பது போன்ற நிலை.

நேரடி மேப்பிங்கின் முகவரியை நிரல் தொடாவிட்டாலும், அடுத்தடுத்த முகவரிகளைப் படிக்கும் வேறு ஏதோ ஒரு நிரலைக் கண்டு செயலியின் முன்கொணர்வு அமைப்பு உங்கள் பக்கத்தின் வரிகளை (கேஷ் ஒரு நேரத்தில் கையாளும் சிறு துண்டுகளை) கேஷுக்குள் கொண்டுவரலாம். தவறாக ஊகிக்கப்பட்ட கிளையில் அந்த முகவரி தற்செயலாகக் கணக்கிடப்பட்டாலும் போதும். பக்கம் உங்கள் கைக்கு வருமுன் யாரோ எழுதிய வரிகள் நினைவகத்துக்குத் திரும்பாமல் கேஷிலேயே கிடந்து, நீங்கள் புதிதாக எழுதிய பின் மெதுவாக வெளியேறி உங்கள் தரவின் மீது படிந்திருக்கவும் கூடும். உங்கள் வழக்கில் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். செயலித் தயாரிப்பாளர்களின் கையேடுகள் இத்தகைய முரண்பட்ட இரட்டை மேப்பிங்கைத் தவிர்க்கச் சொல்கின்றன. அதன் விளைவுக்கு உறுதி தருவதில்லை.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஆபத்து அன்று. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏஎம்டி அத்லான் செயலியும் ஏஜிபி வரைகலை அட்டையும் கொண்ட லினக்ஸ் கணினிகளில் விளக்கமுடியாத தரவுச் சிதைவு பேசுபொருளானது. வரைகலைக்காக ஒதுக்கப்பட்ட பக்கங்கள், கெர்னலின் 4 மெகாபைட் பெரிய பக்க மேப்பிங்கிலும் கேஷ் வகையில் இடம்பெற்றிருந்தன. செயலி ஓர் எழுத்தை ஊகமாகத் தொடங்கும்போதே அந்த வரியைக் கேஷுக்குக் கொண்டுவந்து ‘மாற்றப்பட்டது’ என்று குறித்துவிட, ஊகம் பொய்த்த பிறகும் அந்தப் பழைய வரி நினைவகத்தில் திரும்ப எழுதப்பட்டது. பெரிய பக்கங்களை நிறுத்திவைக்கும் தொடக்க விருப்பமே அப்போது தற்காலிகத் தீர்வாகப் பரிந்துரைக்கப்பட்டது. முறையான தீர்வு, நேரடி மேப்பிங்கில் உள்ள பண்பையும் சேர்த்து மாற்றுவதே.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, புதிய மேப்பிங் உருவாக்குவதற்கு முன் அந்தப் பக்கங்களின் மீது லினக்ஸின் செட்_மெமரி_யூசி அல்லது செட்_மெமரி_டபிள்யூசி செயற்கூறை அழைப்பது. அது நேரடி மேப்பிங்கின் பதிவுகளை மாற்றி, எல்லாச் செயலிகளின் டிஎல்பியிலும் (பக்க அட்டவணைப் பதிவுகளின் பிரதிகளைச் செயலி வைத்திருக்கும் இடம்) உள்ள பழைய பிரதிகளை நீக்கி, அதன் பின் அந்தப் பக்கங்களின் கேஷ் வரிகளை நினைவகத்தில் எழுதிக் காலி செய்கிறது. இந்த வரிசை தற்செயலானது அல்ல. கேஷை முதலில் காலி செய்து டிஎல்பியைப் பிறகு துடைத்தால், இடைப்பட்ட நேரத்தில் வேறொரு செயலி தன்னிடம் எஞ்சியிருக்கும் பழைய டிஎல்பிப் பதிவின் மூலம் அதே வரியை மீண்டும் கேஷுக்குள் இழுத்துவிடும். செய்த வேலை வீணாகும். பக்கங்களைத் திருப்பித் தரும் முன் செட்_மெமரி_டபிள்யூபி மூலம் பழைய வகைக்கு மாற்றுவதும் உங்கள் பொறுப்பு. மறந்தால், அந்தப் பக்கம் அடுத்து எந்த நிரலிடம் போகிறதோ அது காரணம் தெரியாமல் பல மடங்கு மெதுவாக இயங்கும். அத்தகைய குறையை டிரைவரோடு தொடர்புபடுத்திக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

சாதனத்துக்கும் செயலிக்கும் பொதுவான ஓர் இடையகம் மட்டும்தான் உங்கள் தேவை என்றால், இத்தனையையும் உங்கள் கையால் செய்யாதீர்கள். கெர்னலின் டிஎம்ஏ (சாதனம் நேரடியாக நினைவகத்தை அணுகும் முறை) இடைமுகத்தில் ஒத்திசைவான நினைவகம், அதாவது இரு தரப்பும் ஒரே தரவைக் காணும் நினைவகம், கேட்டுப் பெறுங்கள். எந்த வகைச் செயலியில் எது தேவையோ அதை அது அறிந்து செய்யும்.

கேள்வி: எம்டிஆர்ஆர் என்ற ஒன்றும் கேஷ் வகையை முடிவுசெய்கிறது என்கிறார்கள். இரண்டில் எது வெல்லும்?

பதில்: 1995இல் வந்த பென்டியம் புரோ செயலியில் அறிமுகமான எம்டிஆர்ஆர், பௌதிக முகவரியின் பரப்புகளுக்கு வகையைச் சொல்வது, பின்னர் பென்டியம் 3இல் வந்த பிஏடி, பக்கத்துக்குப் பக்கம் சொல்வது. முந்தையதில் மாறும் பரப்புகள் சில மட்டுமே உண்டு. அவற்றின் அளவும் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். நினைவகமும் சாதனங்களும் பெருகிய பின் அந்த எண்ணிக்கை போதவில்லை.

பொதுவாகச் சொன்னால், இரண்டில் அதிகக் கட்டுப்பாடு உடையதே வெல்லும்: எம்டிஆர்ஆர் ‘கேஷ் உண்டு’ என்றாலும் பக்கப் பதிவு ‘இல்லை’ என்றால் கேஷ் இல்லை, எம்டிஆர்ஆர் ‘இல்லை’ என்றால் பக்கப் பதிவு ‘உண்டு’ என்று சொல்லிப் பயனில்லை. இதற்கு முக்கியமான விலக்கு எழுத்துச் சேர்ப்பு. பக்கம் அதைக் கேட்டால், எம்டிஆர்ஆர் கேஷ் இல்லை என்று சொல்லியிருந்தாலும் எழுத்துச் சேர்ப்பே நடைமுறைக்கு வரும். 2008இல் வெளியான லினக்ஸ் 2.6.26 முதல் கெர்னல் பிஏடியை முறையாகக் கையாள்வதால், புதிய டிரைவர் எதுவும் எம்டிஆர்ஆரை நேரடியாகத் தொட வேண்டியதில்லை. எந்தப் பௌதிகப் பரப்புக்கு எந்த வகை கேட்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலையும் கெர்னலே வைத்திருந்து, முரணான கோரிக்கை வரும்போது அதை மறுக்கிறது அல்லது ஏற்கெனவே உள்ள வகையையே தருகிறது.

கேள்வி: செட்_மெமரி அழைப்புகளைச் சேர்த்த பிறகு டிரைவர் சரியாக இயங்குகிறது, ஆனால் ஒவ்வொரு பக்க ஒதுக்கீடும் வெகு நேரம் எடுக்கிறது. இதைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு பக்கத்தின் பண்பை மாற்றினாலும் நூறு பக்கங்களின் பண்பை மாற்றினாலும், எல்லாச் செயலிகளுக்கும் குறுக்கீடு அனுப்பி டிஎல்பியைத் துடைக்கும் செலவு ஒவ்வோர் அழைப்புக்கும் வருகிறது. பக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றாமல், ஒரு தொகுப்பாகத் திரட்டி ஒரே அழைப்பில் மாற்றுங்கள். அதற்கென்றே பக்க வரிசைகளை ஏற்கும் செயற்கூறுகள் உள்ளன. அதைவிடச் சிறந்தது, மாற்றிய பக்கங்களை உடனே திருப்பித் தராமல் ஒரு சேமிப்பில் வைத்து மீண்டும் பயன்படுத்துவது. லினக்ஸின் வரைகலை நினைவக மேலாளரான டிடிஎம் இப்படித்தான் எழுத்துச் சேர்ப்புப் பக்கங்களையும் கேஷ் இல்லாப் பக்கங்களையும் தனித்தனிச் சேமிப்புகளில் வைத்திருக்கிறது. நினைவகத் தட்டுப்பாடு வரும்போது அவற்றை விடுவிக்கும் வழியையும் கட்டாயம் எழுதுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. நேரடி மேப்பிங் இயன்றவரை 2 மெகாபைட் அல்லது அதைவிடப் பெரிய பக்கங்களால் ஆனது. அதன் நடுவில் ஒரே ஒரு 4 கிலோபைட் பக்கத்தின் பண்பை மாற்ற, 2 மெகாபைட் பக்கம் ஒன்றை 512 சிறு பக்கங்களாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் அந்தப் பகுதியைத் தொடும் கெர்னல் நிரல் அனைத்தும் அதிக டிஎல்பி இடங்களைச் செலவிடுகின்றன. பண்பு மாறும் பக்கங்கள் நினைவகமெங்கும் சிதறிக் கிடக்காமல் அருகருகே அமைந்தால் இந்த இழப்பு குறையும். சேமிப்பை 2 மெகாபைட் தொகுதிகளாகப் பெற்று நிர்வகிப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கேள்வி: இதே டிரைவரை ஆர்ம் செயலிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். என்னென்ன மாறும்?

பதில்: அமைப்பு ஒத்தது, விதிகள் கடுமையானவை. 64 பிட் ஆர்ம் செயலிகளில் பக்கப் பதிவின் மூன்று பிட்கள், மெயர் எனப்படும் ரெஜிஸ்டரில் உள்ள எட்டு வரையறைகளில் ஒன்றைச் சுட்டுகின்றன. அங்கே நினைவகம் ‘இயல்பு’, ‘சாதனம்’ என்ற இரு பெரும் பிரிவுகளாகப் பிரிகிறது. இயல்பு வகையில் கேஷ் உள்ளதும் இல்லாததும் உண்டு. லினக்ஸில் எழுத்துச் சேர்ப்பு கேட்டால், கேஷ் இல்லாத இயல்பு வகையே கிடைக்கிறது. சாதன வகையில், எழுத்துகளைச் சேர்க்கலாமா, வரிசையை மாற்றலாமா, எழுத்து முடிந்ததென முன்கூட்டியே பதில் சொல்லலாமா என்பவை தனித்தனியாக வரையறுக்கப்படுகின்றன. சாதன வகையில் மேப் செய்த முகவரியில் சீரமையாத அணுகல் (தரவின் அளவுக்கு ஏற்ற எல்லையில் தொடங்காத படிப்பு அல்லது எழுத்து) பிழையை எழுப்பும்; எக்ஸ்86இல் தடையின்றி ஓடிய நினைவக நகலெடுப்பு இங்கே நின்றுபோவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

பண்பை மாற்றும் முறையிலும் வேறுபாடு உண்டு. உயிருடன் இருக்கும் பதிவின் மேல் புதிய நினைவக வகையை நேரே எழுதக் கூடாது. முதலில் பதிவைச் செல்லாததாக்கி, டிஎல்பியில் உள்ள பிரதிகளை நீக்கி, அது எல்லா மையங்களிலும் முடிந்ததைத் தடுப்புக் கட்டளையால் உறுதிசெய்த பிறகே புதிய பதிவை எழுத வேண்டும். பெரிய பக்கத்தைச் சிறு பக்கங்களாகப் பிரிப்பதற்கும் பொதுவாக இந்த விதியே பொருந்தும். கெர்னல் தன் நேரடி மேப்பிங்கில் இதைச் செய்யும்போது, செல்லாததாக்கப்பட்ட அந்த நொடியில் வேறொரு மையம் அதே பகுதியைத் தொட்டால் கெர்னலே விழுந்துவிடும். ஆகவே நேரடி மேப்பிங்கின் பண்புகளை ஆர்மில் உங்கள் டிரைவர் மாற்றும் என்று எதிர்பார்க்காமல், முன்பு சொன்ன டிஎம்ஏ இடைமுகத்தின் வழியே நினைவகம் பெறும்படி நிரலைத் திருத்தி எழுதுங்கள். அதே நிரல் எக்ஸ்86இலும் மாற்றமின்றி இயங்கும்.