ராணுவத்தில் இருக்கும் தம்பி மேல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டு: வக்கீலை எப்போது வைப்பது?

சக வீரரைச் சுட்டதாக 22 வயதுத் தம்பியைக் குவார்ட்டர் கார்டில் (படைப்பிரிவின் காவலறை) வைத்திருக்கிறார்கள், வக்கீலை எப்போது வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே வையுங்கள். கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றம்) கூடட்டும் என்றிருந்தால் அதற்குள் பாதி வழக்கு காகிதத்தில் ஏறிவிடும்.

கோர்ட் ஆஃப் என்கொயரி (என்ன நடந்தது என்று ராணுவம் முதலில் நடத்தும் விசாரணை) அவன் பெயரைப் பாதிக்கிறது என்றால், முழுக்க உடனிருக்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் ராணுவ விதி 180 உரிமை தருகிறது. கூப்பிடாமல் நடத்தினால் அப்போதே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே அவன் சொன்னதை அவனுக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது, விதி 182.

அடுத்து வரும் சம்மரி ஆஃப் எவிடென்ஸ், அதாவது சாட்சிகள் சொல்வதை எழுத்தில் பதியும் கட்டம்தான் கண்டம். சாட்சிகள் முடிந்ததும் எச்சரிக்கை வாசித்து, ஏதாவது சொல்ல விருப்பமா என்பார்கள். சொல்லக் கட்டாயமில்லை. சொன்னால் வழக்கில் அது வரும். சின்னப் பையன்கள் இங்கேதான் "தப்பு நடந்துபோச்சு சாப்" என்று கொட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த அறையில் பக்கத்தில் வக்கீல் இருப்பார் என்று நம்பாதீர்கள். குறுக்குக் கேள்விகளை முன்பே எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். இந்தி சரியாகப் புரியாதென்றால் தொடங்கும் முன்பே மொழிபெயர்ப்பாளர் கேட்கட்டும். "ஒத்துக்கோ, சிஓ (கமாண்டிங் ஆபீசர்) பாத்துப்பார்" என்று போனில் உபதேசம் செய்யும் ரிட்டையர்டு மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தண்டனையை அவர்களா அனுபவிக்கப் போகிறார்கள்?

வழக்கின் உயிர் நோக்கத்தில் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (குற்றவியல் சட்டம்) 109, அதாவது கொலை முயற்சிப் பிரிவில், காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை போகலாம். திடீர்ச் சினமூட்டலில் நடந்தது என்று காட்டி 110-க்குள் (கொலை அளவுக்குப் போகாத மரணம் விளைவிக்கும் முயற்சி) இறக்கினால் அதிகபட்சம் 7 ஆண்டு. எத்தனை ரவுண்டு, எவ்வளவு தூரம், உடம்பில் எந்த இடம், அதற்கு முன் என்ன வாய்த்தகராறு என்பதெல்லாம் அதற்காகத்தான். டியூட்டி பட்டியல், கோத்தின் (ஆயுதக் கிடங்கு) ஆயுதப் பதிவேடு, மறுக்கப்பட்ட லீவு மனுக்கள், மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேளுங்கள். என்கொயரியில் சாட்சிகள் சொன்னதன் நகலும் விதி 184-ல் கிடைக்கும். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுபவரை அதை வைத்தே மடக்கலாம்.

குற்றவாளியைத் தப்பவைக்க வழி சொல்கிறேன் என்று யாரும் கமெண்டில் வரவேண்டாம். இவை சட்டப் புத்தகத்தில் உள்ளவைதான்.

ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் அமர்வார்கள். யார்மீதாவது நம்பிக்கை இல்லையென்றால் காரணம் சொல்லி ஆட்சேபிக்கலாம், ராணுவச் சட்டம் பிரிவு 130. ராணுவம் தரும் டிஃபெண்டிங் ஆபீசரோடு (குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் அதிகாரி) சிவில் வக்கீலும் வாதாடலாம். தீர்ப்பு வந்தாலும் மேலதிகாரி உறுதி செய்யும்வரை செல்லாது. அந்த இடைவெளியில் அதே சட்டத்தின் 164(1)-ன்படி உறுதி செய்யும் அதிகாரியிடம் மனுவைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. ஜாமீனும் அங்கே கேட்கலாம்.